‘ஆஸ்பத்திரியில இருக்கேன்... அவசரமா பணம் போடுங்க!’ செல்போன் நட்பில் பொய்க் கஷ்டம்: கண்டுபிடிப்பது எப்படி?

நேரில் முகம் பார்த்ததே கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் ‘குட்மார்னிங்’ வந்து விடுகிறது. மதியம் ‘சாப்டாச்சா?’ என்று ஒரு விசாரிப்பு. ராத்திரி தூங்கும் வரை பேச்சு. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூலம் இப்படி முளைக்கும் நட்பு இப்போது சர்வ சாதாரணம்.

எல்லாமே மோசடி என்று சொல்லி விட முடியாது. ஆனால் இந்த நட்புக்குள் நைசாக புகுந்து, இல்லாத நோயையும் நடக்காத விபத்தையும் சொல்லி பணம் கறக்கும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். இவர்களிடம் சிக்குவது பேராசை பிடித்தவர்கள் அல்ல. இரக்கப்பட்டவர்கள்தான். சீட்டுப் பணத்தையும், நகையை அடகு வைத்த பணத்தையும் அனுப்பி விட்டு, வீட்டில் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

நடிகர் பெயரில் ரூ.7 கோடி அபேஸ்

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைத்தால் தப்பு. பிரான்ஸ் நாட்டில் 53 வயது பெண் ஒருவரிடம், ஹாலிவுட் நடிகர் பிராட் பிட் பெயரில் ஒரு கும்பல் 2023ல் பேச்சு கொடுத்தது. முதலில் அன்பாக பேச்சு, கவிதை. பிறகு பரிசு அனுப்பியிருப்பதாகவும், அதற்கு சுங்க வரி கட்ட வேண்டும் என்றும் சொல்லி பணம். அடுத்து, “எனக்கு சிறுநீரகத்தில் புற்றுநோய். விவாகரத்து வழக்கால் என் பேங்க் கணக்கு எல்லாம் முடங்கி விட்டது” என்று ஒரு கதை. நடிகர் ஆஸ்பத்திரி படுக்கையில் கிடப்பது போல கம்ப்யூட்டரில் உருவாக்கிய போலி படங்களும் வந்தன.

அந்த பெண் பறிகொடுத்தது 8 லட்சத்து 30 ஆயிரம் யூரோ. நம்ம ஊர் பணத்தில் ரூ.7 கோடிக்கு மேல். 2025 ஜனவரியில் டி.வி.யில் தன் கதையை அவர் சொன்னபோது, பரிதாபப்படுவதற்கு பதில் பலர் கேலி செய்தார்கள். கேலி தாங்காமல் டி.வி. நிறுவனம் அந்த நிகழ்ச்சியையே நீக்கி விட்டது. ஏமாந்தவர்கள் புகார் கொடுக்க தயங்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நம்ம ஊரில் நடிகர் வர மாட்டார். ‘திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, அப்பா இல்லை, தங்கச்சி படிக்கிறாள்’ என்று யாராவது வருவார்கள். ஆனால் ரூட் அதேதான்.

எப்படி வலை விரிக்கிறார்கள்?

முதல் சில வாரம் பணப் பேச்சே இருக்காது. உங்கள் குடும்பம், சம்பளம், மனக்கஷ்டம் எல்லாவற்றையும் கேட்டு தெரிந்து கொள்வார்கள். பிறகு 200, 500 என்று ரீசார்ஜுக்கு சின்ன உதவி. அதை சொன்ன தேதியில் திருப்பியும் தருவார்கள். தூண்டிலில் மாட்டும் புழு அதுதான். நம்பிக்கை வந்ததும், ‘அம்மாவுக்கு ஆபரேஷன்’, ‘வண்டியில அடிபட்டுட்டேன்’ என்று 5 ஆயிரம், 20 ஆயிரம் என ஏறும். ஒரு கஷ்டம் முடிந்தால் அடுத்த கஷ்டம் ரெடியாக இருக்கும்.

இதெல்லாம் இருந்தால் உஷார்!

* எப்போதும் அவசரம். ‘இன்னைக்கு நைட்டுக்குள்ள கட்டலேன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க’ என்பார்கள். யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்பதுதான் திட்டம்.

* ‘வீட்ல சொல்லாதீங்க, எனக்கு அசிங்கமா இருக்கு’ என்று ரகசியம் கேட்பது.

* வீடியோ காலில் வர சொன்னால் ‘கேமரா ரிப்பேர்’, ‘டவர் இல்லை’ என்று நழுவுவது. இப்போது போலி வீடியோ, போலி குரல் எல்லாம் வந்து விட்டதால், வீடியோவில் பார்த்ததை மட்டும் வைத்தும் நம்பி விடாதீர்கள்.

* பேசுவது ஒருவர், பணம் போக வேண்டியது வேறொருவர் கணக்குக்கு. ஜிபே, போன்பேயில் நம்பர் போட்டதும் வரும் பெயரை படித்துப் பாருங்கள்.

* பணம் தவிர வேறு எந்த உதவியும் வேண்டாம் என்பது. ‘மருந்து வாங்கித் தர்றேன், ஆளை அனுப்புறேன்’ என்றால் பேச்சை மாற்றுவார்கள்.

* விவரம் கேட்டால் கோபம். ‘என்னை நம்பலையா? நான் செத்துடுறேன்’ என்று அழுகை, மிரட்டல்.

கடைசியாக சொன்னதுதான் முக்கியம். நிஜமாகவே கஷ்டத்தில் இருப்பவர் ஆஸ்பத்திரி சீட்டு, டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பார். அதை எடுத்துக் கொண்டு கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கூட வரிசையில் நிற்பார். கேள்வி கேட்டால் அவருக்கு வருத்தம் வரலாம், ஆனாலும் பதில் சொல்வார். பொய் சொல்பவருக்குத்தான் கேள்வி ஆகாது.

உதவவே கூடாதா?

தாராளமாக உதவலாம். ஆனால் விசாரித்து உதவுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, உள்நோயாளி நம்பர் என்ன என்று கேளுங்கள். அவர் கொடுக்கும் நம்பருக்கு போன் போடாமல், ஆஸ்பத்திரி நம்பரை நீங்களே தேடி எடுத்து பேசுங்கள். முடிந்தால் தெரிந்தவரை நேரில் அனுப்பி, பணத்தை ஆஸ்பத்திரி கவுண்ட்டரிலேயே கட்டச் சொல்லுங்கள்.

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. ‘காப்பீட்டு அட்டை இருக்கா?’ என்று ஒரு கேள்வி போட்டாலே பாதி கதை வெளுத்து விடும். அனுப்பிய போட்டோவை கூகுள் லென்சில் போட்டுப் பார்த்தால், வேறு யாருடைய படமோ என்பதும் சில சமயம் தெரிந்து விடும்.

பழைய நண்பர் பெயரில் புது ஐ.டி.யில் இருந்து ‘அர்ஜென்ட், பணம் அனுப்பு’ என்று மெசேஜ் வந்தால், அவருடைய பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டு கேட்டு விடுங்கள்.

ஏமாந்து விட்டால் என்ன செய்வது?

வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால் பணம் கை மாறி விடும். உடனே 1930 என்ற நம்பருக்கு போன் செய்யுங்கள். சைபர் கிரைம் புகாருக்கான இந்த நம்பர் நாடு முழுவதுக்கும் ஒன்றுதான். சீக்கிரம் சொன்னால், மோசடி ஆசாமி எடுப்பதற்குள் பணத்தை கணக்கிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் பேங்குக்கும் தகவல் சொல்லுங்கள்.

கோபத்தில் சாட்டிங்கை அழித்து விடாதீர்கள். மெசேஜ், போன் நம்பர், பணம் அனுப்பிய டிரான்ஸாக்ஷன் நம்பர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். ‘போன பணத்தை மீட்டுத் தர்றோம், பீஸ் கட்டுங்க’ என்று யாராவது வந்தால் அது அடுத்த மோசடி.

கம்ப்யூட்டர், செல்போன் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்ப சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவில் 7 ஆண்டு வரை ஜெயில்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஏமாந்து விட்டு வந்து சொன்னால், திட்டாதீர்கள். முதலில் 1930க்கு போன் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக் கொள்ளலாம்.