மகளிரியல்: நம் பிள்ளைகளுக்கும் ஒரு படிப்பு

பட்டம் முடித்த மகள் ‘மகளிரியல் படிக்கிறேன்’ என்றால், ‘குடும்பத்தை எதிர்க்கச் சொல்லிக்கொடுக்கும் படிப்போ?’ என்று பெற்றோர் தயங்குவது உண்டு. உண்மையில் இது பெண்களின் கல்வி, கூலி, உடல்நலம், சொத்துரிமை, சட்டம் ஆகியவற்றை ஆதாரத்தோடு ஆராயும் படிப்பு. 1974இல் அரசுக் குழு அளித்த ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கைக்குப் பிறகே இந்தியாவில் இத்துறை வேரூன்றியது.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்டார். நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இப்படி மறக்கப்பட்டவர்களைத் தேடி எடுப்பதும் இப்படிப்பின் வேலைதான்.

நம் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே மகளிரியல் மையம் இருக்கிறது. முதுகலைச் சேர்க்கைக்கு ‘க்யூட்’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படித்தவுடன் வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் யு.ஜி.சி. ‘நெட்’ தேர்வில் மகளிரியல் தனிப் பாடம். தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வுத் திட்டங்களிலும் வாய்ப்பு உண்டு. கள ஆய்வும் கணினியும் தெரிந்திருந்தால் நல்லது.

மஹர், வாரிசுப் பங்கு, தலாக் பற்றியெல்லாம் யார் யாரோ எழுதுகிறார்கள். நம் வீட்டுப் பெண்களின் நிலையை அறிந்த நம் பிள்ளைகளும் படித்து, ஆராய்ந்து எழுதட்டுமே!