கல்லூரி வீரரின் புகழ் யாருக்குச் சொந்தம்?

மாணவர் ஒருவர் விளையாட்டுத் திறமையால் பெயர் பெறுகிறார். அந்தப் பெயரைக் கொண்டு கல்லூரியும் தொலைக்காட்சியும் வணிக நிறுவனங்களும் பணம் ஈட்டுகின்றன. அதில் மாணவருக்குப் பங்கு உண்டா? அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்ற இக்கேள்வி நம் சிந்தனைக்கும் உரியது. ஏனெனில், நோட்டர் டேம், வில்லனோவா போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களும் அந்தக் களத்தில் முன்னணியில் நிற்கின்றன.

அங்கு கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்துவது, 1906-ல் தோன்றிய என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு. கல்வி உதவித்தொகைக்கு மேல் வீரர்கள் எதுவும் பெறக்கூடாது என்பது நெடுநாளாக அதன் விதியாக இருந்தது. 'மாணவ வீரர்' என்ற சொல்லை 1950-களில் வழக்கில் கொண்டுவந்ததும் அதுவே. காயமடைந்த வீரர்கள் தொழிலாளர் என்ற முறையில் இழப்பீடு கேட்காதபடி தடுக்க அச்சொல் உதவியது. 1955-ல் கொலராடோ மாநிலத்தில் ரே டெனிசன் என்ற கல்லூரி மாணவர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி கேட்ட இழப்பீட்டை 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

மறுபுறம் பணம் பெருகியது. கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளை 14 ஆண்டுகள் ஒளிபரப்ப, 2010-ல் 1,080 கோடி டாலருக்கு ஒப்பந்தமானது. ஆனால் 2014-ல் வாகை சூடிய கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், தாம் பசியோடு படுத்த இரவுகள் உண்டு என்றார். எட் ஓபானன் என்ற முன்னாள் வீரர், தம் சாயலைக் கொண்ட உருவம் கணினி விளையாட்டில் விற்கப்படுவதைக் கண்டு 2009-ல் வழக்குத் தொடுத்தார். 2014-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், உருவம் வழியாக விளம்பர வருவாய் பெற அனுமதிக்கப்பட்டனர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை வீரர்களோடு பகிரலாம் என்றானது.

இதை எதிர்ப்போரின் அச்சத்தையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. படிப்பு பின்னுக்குத் தள்ளப்படலாம். கூடுதல் பணம் தரும் கல்லூரிக்கு வீரர்கள் ஆண்டுதோறும் தாவலாம். பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆடவர் கூடைப்பந்துக்கும் போய்ச் சேரும். பழைய வீரர்களுக்கான இழப்பீட்டுப் பங்கீட்டில் பெண்களுக்கு அநீதி நிகழ்ந்தது என்று கூறி, 2025-ல் வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடும் செய்தனர்.

நாம் எந்தப் பக்கம் நிற்பது? 1891-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் உழைப்பவருக்கு நியாயமான கூலி வேண்டும் என வலியுறுத்தினார். 1981-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், முதலைவிட உழைப்புக்கே முதன்மை என்று கற்பித்தார். ஒருவருடைய முகமும் பெயரும் அவருடைய ஆள்தன்மையின் பகுதி. அதை விற்கும் உரிமை மற்ற எல்லாருக்கும் இருந்து, அவருக்கு மட்டும் இல்லை என்பது நீதியாகாது.

ஆனால் கூலி கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. நோட்டர் டேமின் முன்னாள் தலைவர் அருள்பணி தியோடர் ஹெஸ்பர்க், 1989-ல் அமைந்த நைட் ஆணையத்தின் இணைத்தலைவராக இருந்து கல்லூரி விளையாட்டில் கல்வி நேர்மையையும் நிதி நேர்மையையும் வலியுறுத்தினார். கல்லூரி வீரர்களில் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகின்றனர். முழங்கால் முறிந்தால் புகழும் விளம்பரமும் போய்விடும். கற்ற கல்வியே கைகொடுக்கும்.

எனவே, உழைத்த இளைஞருக்கு உரிய பங்கையும் கொடுப்போம். அவர் பட்டம் பெற்று வெளியேறும் வழியையும் காப்போம். இவற்றில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அந்த இளைஞருக்கு நாம் இழைக்கும் அநீதி.