துக்க வீட்டில் சிக்கிய பிரசங்கி

பழைய ஏற்பாட்டில் 12 அதிகாரமே கொண்ட சிறு நூல் பிரசங்கி. கத்தோலிக்கர் அதைச் சபை உரையாளர் என்பார்கள். வாழ்க்கை வெறுமை என்று எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்கும் அந்த நூலுக்கு அச்சாணி ‘ஹெவெல்’ என்ற எபிரேயச் சொல். 38 இடங்களில் வருகிறது. அதன் நேர்ப்பொருள் மூச்சு, ஆவி. இட்லிப் பானையைத் திறந்ததும் குபீரென்று எழுந்து மூக்குக்கண்ணாடியில் படிந்து, துடைக்கத் துணி எடுப்பதற்குள் காணாமல் போகிறதே, அந்த ஆவி. காயீன் கையால் மாண்ட ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான்.

பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் இந்தச் சொல்லை ‘வானிதாஸ்’ ஆக்கினார். தமிழில் புராட்டஸ்டன்ட் பைபிள் ‘மாயை’ என்றது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் ‘வீண்’ என்கிறது. வினை அந்த ‘மாயை’யில்தான் தொடங்கியது. ‘மாயை’ என்றதும் தமிழ்க் காதில் பொய்த்தோற்றம் என்றே விழுகிறது. (சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், மும்மலங்களில் ஒன்று என்பது வேறு கதை.) ஆவி பொய்த்தோற்றமா? சுடுகிறது, மணக்கிறது. கைக்குள் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

தாவீதின் மகன் என்று சொல்லிக்கொள்ளும் இந்தப் பிரசங்கி சாலொமோன் ராஜாவே என்பது மரபு. ஆனால் அவர் பெருமையோடு குறிப்பிடும் சோலைகளுக்கு நூலில் வழங்கும் ‘பர்தேஸ்’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். நூல் சாலொமோனுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்று ஆய்வாளர் பலர் கணிக்க இதுவும் ஒரு காரணம். யாராயினும், ஆள் எல்லாவற்றையும் அனுபவித்துப் பார்த்தவர்: திராட்சைத் தோட்டம், குளம், பொன், பாடகர், கல்வி. இத்தனையும் தனக்குப் பின் ஒருவன் கைக்குப் போகும். அவன் புத்திசாலியா மூடனா என்பதுகூடத் தெரியாது. அவரை உறுத்திய கணக்கு இதுதான்.

விடையும் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. சாப்பிடு, குடி, உழைப்பில் மகிழ்ந்திரு, இதெல்லாம் கடவுள் கொடுத்தது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நாளையைப் பிடித்துவைக்கும் பாரம் கடவுளிடம் போய்விட்டால் இன்றைய சோறு ருசிக்கும். அவர் சொல்லும் தேவபயம், மனிதன் தன் அளவை அறிந்து நடப்பது. எல்லாமே பொய்த்தோற்றம் என்றால் இந்தப் புத்திமதிக்கே இடமில்லை. தேவபயத்தை வலியுறுத்தும் முடிவுரை வேறொருவர் சேர்த்தது, மூல நூலில் இருப்பது விரக்தியே என்போரும் உண்டு.

நம் ஊரில் இந்த நூல் பெரும்பாலும் அடக்க ஆராதனையில்தான் காதில் விழுகிறது. அதிலும் பிறக்க, இறக்கக் காலம் சொல்லும் 3ஆம் அதிகாரத்தோடு வாசிப்பு நின்றுவிடுகிறது. வெள்ளை உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, மனைவியோடு மகிழ்ந்திருக்கச் சொல்லும் 9ஆம் அதிகாரத்தைக் கல்யாண வீட்டில் எடுப்பவர் அரிது. பாதி நூலை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சந்தோஷமாக இருப்பதே விசுவாசக் குறைவாகத் தோன்றிவிடுகிறது.

ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களோ இந்த நூலைக் கூடாரப் பண்டிகையில் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். களஞ்சியம் நிறைந்த அறுவடைக் காலத்து விழா அது. ஏழு நாளும் சாப்பாடு தழை வேய்ந்த பந்தலில். இரவில் கூரை இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிகிற மாதிரி வேய்வது வழக்கம். மழை வந்தால் ஒழுகும். விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.