லூர்து மேரி அழைத்த மாரியாத்தா

ஆடி பிறந்துவிட்டால் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. மைக் செட் வைத்திருந்தார். எங்கள் ஊரான மண்டகப்பட்டிலும் சுற்றுப்பட்டிலும் எந்த ஊரில் கூழ் ஊற்றினாலும் குழாய் கட்ட அவர்தான் போவார். ரெக்கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான்.

பாட்டு போடும் வரிசை மாறாது. முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அடுத்து டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாட்டு. அதுவரை ஊர் தன் வேலையைப் பார்க்கும். எல்.ஆர்.ஈஸ்வரி தட்டில் முள் இறங்கியதும்தான் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூழ்க்குடத்தைத் தூக்குவார்கள்.

ஒரு வருஷம் அந்தத் தட்டில் கீறல் விழுந்திருந்தது. அம்மனைக் கூப்பிடும் இடத்தில் முள் மாட்டிக்கொண்டு அதே சொல்லையே திரும்பத் திரும்பப் பாடியது. முன்னால் நின்ற ஆயா ஒருத்திக்குச் சாமி வந்துவிட்டது. முள்ளைத் தூக்க அப்பா கையை நீட்ட, பூசாரி வேப்பிலைக் கொத்தாலேயே வேண்டாம் என்று சைகை காட்டினார். ஆயாவுக்கு விபூதி பூசி மலையேற்றும்வரை அந்த ஒற்றைச் சொல்தான் ஊரெல்லாம் கேட்டது.

ஈஸ்வரி கிறிஸ்தவர். சென்னையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த லூர்து மேரி ராஜேஸ்வரி. 1961-இல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டில் பெயரெடுத்தார். 1968-இல் 'பணமா பாசமா'வில் எலந்தப்பழம் விற்றார். கிளப் டான்ஸ் பாட்டென்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் குரல் அம்மனுக்கு எப்படிப் பொருந்தியது? மாரியாத்தா அடக்கமாக உட்கார்ந்து கேட்கிற சாமி இல்லை. பக்கத்தில் மேல்மலையனூரில் அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மன் ஊஞ்சலாடும்போது நின்று பாருங்கள். பம்பையும் உடுக்கையும் மிரட்டும். அந்த மிரட்டலுக்கு ஈடுகொடுக்கிற அதட்டல் ஈஸ்வரியிடம் இருந்தது. கச்சேரிக் குரலுக்கு அது வராது.

அவர் கிறிஸ்தவர் என்று பிற்பாடு அப்பா சொன்னபோது, அதே ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "யாரா இருந்தா என்னடா தம்பி? கூப்புட்டா ஆத்தா வராளா இல்லியா?" என்றாள். பெட்டியில் நாகூர் ஹனிபா தட்டும் இருந்தது. கூழ் குடித்த கையோடு அதையும் போடச் சொல்வார்கள்.

எங்கள் ஊர்ப் பாறையில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குச் செய்ததாக வடமொழியில் வெட்டி வைத்திருக்கிறான். மூன்று கருவறையும் இன்று காலி. எங்கள் ஆத்தாவுக்கோ கூரை இல்லாவிட்டாலும் போகிறது, உலோகக் குழாய் இரண்டு கட்டியாக வேண்டும்.

இப்போது பென்டிரைவ் காலம். ரீமிக்ஸ் என்று பம்பையை எடுத்துவிட்டு மெஷின் தாளத்தைப் போட்டிருக்கிறார்கள். மைக் செட் தம்பிகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: ராத்திரிக்கு எதை வேண்டுமானாலும் போடுங்கள். கூழ் ஊற்றும்போது மட்டும் பழைய பதிவைப் போடுங்கள், கரகரத்தாலும் பரவாயில்லை.