ஓடுபாதையில் ஓர் ஊர்

மொட்டைமாடியில் காயும் துணியை உரசுவதுபோல விமானங்கள் தாழ இறங்கும். ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் ஒரு காலத்தில் அது அன்றாடக் காட்சி. குன்றின் மேல் சதுரங்கக் கட்டம்போல வண்ணம் தீட்டியிருந்தார்கள். அது கண்ணில் பட்டதும் விமானி வலப்பக்கமாக 47 டிகிரி திருப்பி, கடலுக்குள் விரல்போல நீண்ட ஓடுபாதையில் இறக்க வேண்டும். 1998 ஜூலை 6-ல் அந்தக் காய் டாக் விமான நிலையம் மூடப்பட்டது. மாநகருக்குள்ளேயே பரந்த நிலம் காலியானது.

வேடிக்கை என்னவென்றால், முதலில் இது விமானத்துக்காக உருவான நிலமே அல்ல. ஹோ காய், ஆவ் டாக் என்ற இருவர் குடியிருப்பு கட்டுவதற்காகக் கடலைத் தூர்த்த மனை இது. தொழில் நொடித்தது; நிலம் அரசிடம் போனது. 1925-ல் அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி வந்தது. திட்டமிட்டபடி வீடுகள் வரவில்லை, இருவர் பெயர் மட்டும் நிலைத்தது.

விமானங்கள் போன பிறகாவது வீடு உடனே வந்ததா? இன்னும் கடலைத் தூர்க்கலாம் என்றுதான் அரசு முதலில் கணக்குப் போட்டது. தவிர்க்க முடியாத பொதுத் தேவை இருந்தால் ஒழியத் துறைமுகத்தைத் தூர்க்கக் கூடாது என்று 2004-ல் வேறொரு பகுதி பற்றிய வழக்கில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட, காய் டாக் வரைபடமும் மாறியது. ஒரு பிடி கடலையும் தூர்க்காத திட்டம் 2007-ல் ஒப்புதல் பெற்றது.

ஓடுபாதைக்கும் கரைக்கும் இடையே தேங்கிய நீர் வேறு நாறியது. அடி வண்டலுக்குள் கால்சியம் நைட்ரேட்டைச் செலுத்தித்தான் அதை அடக்கினார்கள்.

2013-ல் அரசுக் குடியிருப்பில் மக்கள் குடியேறினார்கள். அதே ஆண்டு ஓடுபாதை முனையில் சொகுசுக் கப்பல் முனையம். 2020-ல் மெட்ரோ. 2025 மார்ச்சில் 50,000 பேர் அமரும் விளையாட்டரங்கம்.

ஆனாலும் பழைய வடிவம் விடவில்லை. மெட்ரோ நிலையம் ஒரு கோடியில், கப்பல் முனையம் மறுகோடியில். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் டாக்ஸிக்காக வரிசையில் காத்துக் கிடந்தது செய்தியானது. ஓடுபாதையின் நீளம் 3,390 மீட்டர். விமானம் ஒரு நிமிடத்துக்குள் ஓடிய அந்தத் தூரத்தை நடந்து கடக்க இன்று முக்கால் மணி நேரமாகும்.