விண்வெளியில் குருவிச் சத்தம்!

குட்டீஸ்... விடியற்காலையில், "கீச்... கீச்...' என்று குருவிகள் சேர்ந்து கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அதே போன்ற சத்தம், பூமிக்கு மேலே பல ஆயிரம் கி.மீ., உயரத்திலும் உண்டு என்றால் நம்புவீர்களா?

"அங்கேதான் காற்றே இல்லையே, ஒலி எப்படி வரும்?' என்று கேட்கிறீர்களா? சபாஷ்! அது ஒலி அல்ல, மின்காந்த அலை. மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த பிளாஸ்மாவில் தோன்றுகிறது. செயற்கைக்கோளின் ஆன்டெனாவில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டால், குருவிக் கூட்டமேதான்! இதன் பெயர், "கோரஸ்' அலை.

பூமியைச் சுற்றி, மெதுவடை வடிவில், இரண்டு கதிர்வீச்சு வளையங்கள் உள்ளன. 1958ல், செயற்கைக்கோள்களில் கருவி வைத்து அனுப்பி, இவற்றைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் வான் ஆலன். இங்குள்ள சில எலக்ட்ரான்கள், கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பறக்கின்றன. அவ்வளவு வேகம் எப்படி வந்தது?

விடை தேடி, 2012 ஆகஸ்ட் 30ல், இரட்டை செயற்கைக்கோள்களை அனுப்பியது நாசா. அடுத்த ஆண்டே விடை கிடைத்தது. வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை. வளையத்துக்குள்ளேயே வேகம் ஏறுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, எலக்ட்ரான்களைத் தள்ளிவிடுவது கோரஸ் அலைதான்!

இந்த வேக எலக்ட்ரான்கள், செயற்கைக்கோளைத் துளைத்து, உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகளைப் பழுதாக்கிவிடும். அப்புறம் "டிவி' ஏது... வானிலை அறிக்கை ஏது?

பயப்படாதீர்கள். "உஸ்...' என்று இரையும் இன்னொரு அலையும் அங்கே உண்டு. அது, எலக்ட்ரான்களைக் காற்றுமண்டலத்துக்குள் தள்ளி, அடக்கிவிடும். இரு வளையங்களுக்கும் நடுவே இடைவெளி இருப்பது இதனால்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கென அனுப்பிய அந்த இரட்டையர், ஏழு ஆண்டுகள் உழைத்து, எரிபொருள் தீர்ந்து, 2019ல் ஓய்வு பெற்றனர்.

நாளை காலை குருவிச் சத்தம் கேட்டால், கொஞ்சம் மேலேயும் பாருங்கள்!