விமானம் வாங்கியாச்சு... நிறுத்த இடம் பார்த்தாச்சா?

அமெரிக்காவில் பொதுமக்கள் தங்கள் சொந்த விமானத்தில் வந்து இறங்கக்கூடிய விமான நிலையங்கள் எத்தனை தெரியுமா? சுமார் 5,000! இவற்றில் ஏர்லைன்ஸ் விமானங்கள் வந்துபோவது சுமார் 500-ல்தான். மீதியெல்லாம் நாலு பேர் உட்காரும் செஸ்னா போன்ற குட்டி விமானங்களின் ராஜ்ஜியம். ஆனாலும், எங்கே நிறுத்துவது என்பதில் உரிமையாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஏன்?

சும்மா நின்றாலே எஞ்சின் கெடும், தெரியுமா?
சின்ன விமானங்கள் பலவற்றில் இருப்பது லைக்கமிங் எஞ்சின். இதில் கேம்ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு மேல்பக்கம் இருக்கிறது. நாள்கணக்கில் ஓடாமல் நின்றால், அதன் மேல் படிந்த ஆயில் வடிந்துவிடும். ஈரக்காற்று பட்டுத் துருப்பிடிக்கும். ‘அவ்வப்போது தரையிலேயே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டால்?’ பிரயோஜனமில்லை! ஆயில் போதிய அளவு சூடேறாமல், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பறந்தே ஆக வேண்டும். அதிகம் பறக்காத எஞ்சினையும் 12-வது வருஷத்தில் பிரித்து ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது கம்பெனி. அதனால், வாடகை குறைவு என்று இரண்டு மணி நேரத் தொலைவில் நிறுத்துவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி அடிக்கடி பறப்பதுதான் லாபம். கடலோரம் என்றால் இன்னொரு எதிரி: அலுமினிய உடம்பை அரிக்கும் உப்புக்காற்று!

விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள், தெரியுமா?
செஸ்னா 172 ஒரு ஸ்விஃப்ட் காரைவிட எடை குறைவு. புயல்காற்று அடித்தால் ஆள் இல்லாமலே கிளம்பிவிடும்! அதனால் வெட்டவெளியில் நிறுத்தினால் இரண்டு இறக்கைகளையும் வாலையும் தரையில் பதித்த வளையங்களோடு இழுத்துக் கட்டுவார்கள். ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, கிடைத்தால் யோகம்தான். பல ஊர்களில் அதற்கு வருஷக்கணக்கில் வெயிட்டிங் லிஸ்ட்!

குளவி விமானத்தைக் கவிழ்க்கும், தெரியுமா?
வேகத்தை அளக்க உதவும் பிடாட் குழாயின் வாய் மிகச் சிறியது. மூடி போடாமல் விட்டால் குளவி மண்ணை அப்பிவிடும். 1996-ல் டொமினிகன் குடியரசில் 189 பேரைப் பலிகொண்ட போயிங் 757 விபத்துக்கு இப்படி அடைபட்ட குழாயே காரணமாக இருக்கலாம் என்கிறது விசாரணை.

மெக்கானிக்கிடம் பறந்து போகவே பர்மிட் வேண்டும், தெரியுமா?
வருஷத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை கட்டாயம். கெடு தாண்டிவிட்டால், பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் கொண்டுபோகக்கூட அரசின் தனி அனுமதி தேவை! நிறுத்தும் இடத்திலேயே நல்ல மெக்கானிக் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வானத்திலிருந்தே லைட் போடலாம், தெரியுமா?
இடம் தேடும்போது ராத்திரி விளக்கு வசதியையும் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு டவர் இல்லாத நிலையங்களே அதிகம். அவற்றில் பலவற்றில் ராத்திரி இறங்குகிறவர், ரேடியோ மைக் பட்டனை 5 நொடிக்குள் 7 தடவை அழுத்தினால் போதும்... ஓடுபாதை விளக்குகள் பளீரென்று எரியும்! 15 நிமிஷத்தில் தானாக அணைந்தும் விடும்.

ஒரே ராத்திரியில் விமான நிலையம் காணாமல் போகும், தெரியுமா?
சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு, கம்ப்யூட்டர் விளையாட்டான ஃப்ளைட் சிமுலேட்டரால் உலகப் புகழ் பெற்ற நிலையம். 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி, ஓடுபாதை நடுவே பெரிய பெரிய எக்ஸ் குறிகளாகத் தோண்டிப் போட்டார். விடிந்து பார்த்தால் 16 விமானங்கள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன! பிறகு, பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்து போகும் டாக்ஸிவேயையே ஓடுபாதையாக்கிப் பறந்து தப்பின. முன்னறிவிப்பு கொடுக்காததற்கு நகராட்சிக்கு விழுந்த அபராதம் 33,000 டாலர்தான். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நிலையத்தையோ 2028 முடிந்ததும் மூடிக்கொள்ள அந்த நகரத்துக்கு 2017-லேயே உரிமை கிடைத்துவிட்டது. ஆக, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: ‘நிலம் யாருடையது, எத்தனை வருஷத்துக்கு?’

இந்த வம்பே வேண்டாம் என்று ஓடுபாதை ஓரமே குடியேறியவர்களும் உண்டு! ஃப்ளோரிடாவின் ஸ்ப்ரூஸ் கிரீக்கில் வீட்டோடு ஹேங்கர். தெருவில் காரும் விமானமும் ஒன்றாகப் போகும். நடிகர் ஜான் ட்ரவோல்டா அதே ஃப்ளோரிடாவில் ஜம்போலேர் என்ற குடியிருப்பில் வீடு கட்டி, வாசலில் நிறுத்தி வைத்திருந்தது என்ன தெரியுமா? முழு சைஸ் போயிங் 707!